மெட்டல் வால்வு, அசிட்ரோம்: ஐ.என்.ஆர். 1.7-லிருந்து 5.2-க்கு எப்படித் தாவியது?

வைகைக்கரையாள்:

வணக்கம். அம்மாவுக்கு 48 வயது. ருமாட்டிக் காய்ச்சலில் கெட்டுப்போன இதயத்தின் மைட்ரல் வால்வை எடுத்துவிட்டு மெட்டல் வால்வு வைத்திருக்கிறார்கள். தினமும் இரவு 7 மணிக்கு அசிட்ரோம் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை) 2 மி.கி. ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் எண்) 2.5-க்கும் 3.5-க்கும் நடுவில் இருக்க வேண்டும் என்று நோட்டில் எழுதித் தந்திருக்கிறார்கள். பல மாதமாக 2.8, 3.0 என்றே வந்துகொண்டிருந்தது. போன மாதம் திடீரென்று 1.7. உடனே ஒருநாள் 2, மறுநாள் 3 மி.கி. என்று மாற்றினார்கள். பதினைந்து நாள் கழித்துப் பார்த்தால் 5.2. எங்கும் ரத்தக்கசிவு இல்லை. இரண்டு வேளை நிறுத்திவிட்டு மூன்றாம் நாள் மறுபடி டெஸ்ட் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

ஏன் இப்படி ஆடுகிறது? கீரையே ஆகாது என்று உறவில் எல்லாரும் சொல்கிறார்கள், முழுக்க நிறுத்திவிடவா? ஒருவேளை மறந்துபோனால் என்ன செய்வது? அடுத்த மாதம் கடைவாய்ப்பல் ஒன்று பிடுங்க வேண்டும், அதற்கு மாத்திரையை நிறுத்த வேண்டுமா? டெஸ்டே தேவைப்படாத புது மாத்திரை வந்திருக்கிறதாமே, அதற்கு மாறலாமா?

மாத்திரைக்கணக்கு:

டாக்டர் சொன்னபடியே நிறுத்தி மறு டெஸ்ட் எடுங்கள். 5.2 இருந்து ரத்தக்கசிவு இல்லையென்றால் அதுதான் வழக்கம். மெட்டல் வால்வு உள்ளவருக்கு வைட்டமின் கே கொடுத்துச் சட்டென்று இறக்கினால் வால்வில் ரத்தம் உறைந்துவிடும் என்ற பயம் உண்டு, அதனால்தான் பொறுமையாக இறக்குகிறார்கள். ஆனால் மூன்றாம் நாள் டெஸ்டை 'திங்கட்கிழமை பார்த்துக்கலாம்' என்று தள்ளிப்போடாதீர்கள். அசிட்ரோமில் இருக்கும் அசினோகூமரால் உடம்பில் பாதியாகக் குறைய 8 முதல் 11 மணி நேரம் போதும். வார்ஃபரினுக்குச் சுமார் 40 மணி நேரம். அசிட்ரோமை நிறுத்தினால் வேகமாக இறங்கும், நான்கு நாள் விட்டுவிட்டால் மறுபக்கம் விழுந்துவிடுவீர்கள்.

இப்போது கணக்கு. இந்த மாத்திரையை நாள் கணக்கில் பார்க்கக் கூடாது, வாரக் கணக்கில் பார்க்க வேண்டும். தினம் 2 மி.கி. என்றால் வாரத்துக்கு 14. ஒருநாள் விட்டு ஒருநாள் 2, 3 என்றால் சராசரி 17.5. அதாவது 25 சதவீதம் கூடிவிட்டது. பொதுவாக வாரக் கணக்கில் 5 முதல் 20 சதவீதம் வரைதான் ஒரு தடவைக்குக் கூட்டுவதும் குறைப்பதும். ஆறு நாள் 2, ஞாயிறு மட்டும் 3 என்றால் 15 மி.கி., அது 7 சதவீதம். புதன், ஞாயிறு இரண்டு நாளும் 3 என்றால் 16, அது 14 சதவீதம்.

'ஒருநாள் விட்டு ஒருநாள்' என்ற முறையே எனக்குப் பிடிக்காது. இந்தத் திங்கள் 2 என்றால் அடுத்த திங்கள் 3 வரும். நேற்று எது போட்டோம் என்று ஞாபகம் வைத்துத்தான் இன்றைக்கு எது என்று சொல்ல முடியும், அங்கேதான் தப்பு நடக்கும். கிழமை பெயர் போட்டு எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். முடிந்தால் வீட்டில் ஒரே ஒரு அளவு அட்டை மட்டும் இருக்கட்டும். 1 மி.கி. மாத்திரை என்றால் இன்று இரண்டா மூன்றா என்று எண்ணினால் போதும். 1, 2, 4 என்று மூன்று அட்டை டப்பாவில் கலந்து கிடந்தால் பாதியாக உடைத்த துண்டு எதனுடையது என்று யாருக்கும் தெரியாது. மருந்துக்கடையில் 'அசிட்ரோம் இல்லை, இதுவும் அதே மருந்துதான்' என்று வார்ஃபரினைக் கொடுத்தால் வாங்காதீர்கள். வேலை ஒன்றுதான், ஆனால் இதில் 2 மி.கி. அதில் 2 மி.கி.க்குச் சமமில்லை.

இவ்வளவு சொன்ன பிறகும், 25 சதவீதம் கூடியது மட்டுமே 5.2-க்குக் காரணம் என்று தோன்றவில்லை. பல மாதம் அசையாமல் இருந்தது முதலில் ஏன் 1.7-க்கு இறங்கியது? அந்தக் கேள்விக்குப் பதில் தேடாமல் டோஸைக் கூட்டியதுதான் சிக்கல். இரண்டு டெஸ்டுக்கும் முந்தைய மூன்று வாரத்தில் என்னென்ன மாறியது என்று எழுதுங்கள். புது மாத்திரை, நிறுத்திய மாத்திரை, சத்து மாத்திரை, கஷாயம், காய்ச்சல், வயிற்றுப்போக்கு, சரியாகச் சாப்பிடாத நாட்கள், விரதம் எல்லாம்.

நீலமூடி:

லேப் பக்கத்தையும் ஒருமுறை பாருங்கள். இந்த டெஸ்டுக்கு நீல மூடி போட்ட குழாய். உள்ளே சோடியம் சிட்ரேட் திரவம் இருக்கும். ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட் என்பது கணக்கு. குழாயில் போட்டிருக்கும் கோடு வரைக்கும் ரத்தம் வர வேண்டும். நரம்பு கிடைக்கவில்லை என்று பாதியோடு நிறுத்தினால் சிட்ரேட் மிஞ்சிவிடும், ஐ.என்.ஆர். இருப்பதைவிட அதிகமாகக் காட்டும். ஊசி போட்ட இடத்திலேயே குத்திக் குத்தித் தேடினால் குழாய்க்குள் சிறு கட்டி விழும், அப்போதும் முடிவு நம்பத் தகுந்ததல்ல. எதிர்பாராத எண் வந்து, ஆளுக்கு எந்தக் கோளாறும் இல்லையென்றால் அன்றே வேறு ரத்தம் எடுத்து மறுபடி பார்க்கச் சொல்வதில் தவறில்லை.

ரிப்போர்ட்டில் 'பி.டி.' என்று விநாடிக் கணக்கில் ஒரு எண், 'ஐ.என்.ஆர்.' என்று ஒரு எண் இருக்கும். விநாடி எண் லேபுக்கு லேப் மாறும், அதை ஒப்பிட வேண்டாம். ஐ.என்.ஆர். மட்டும்தான் நோட்டில் ஏற வேண்டும். அதுவும் ஒரே லேபில் எடுத்தால் நல்லது. வேறு ஊசி போடவோ சொட்டு ஏற்றவோ குழாய் வைத்திருக்கும் கையில் இதற்கு ரத்தம் எடுக்கக் கூடாது. அந்தக் குழாயில் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்து இருந்தால் முடிவு கெட்டுப்போகும்.

இதற்கு வெறும் வயிறு தேவையில்லை. காலையில் எடுத்தால் சாயங்காலத்துக்குள் முடிவு வந்துவிடும், அன்றிரவு மாத்திரையையே கூட்டவோ குறைக்கவோ முடியும். மாத்திரையை இரவில் போடச் சொல்வதே இதற்காகத்தான்.

வைகைக்கரையாள்:

நன்றி. உட்கார்ந்து யோசித்ததில் இரண்டு கிடைத்தன. 1.7 வந்ததற்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்னால் முழங்கால் வலிக்கு என்று கால்சியம் மாத்திரை ஆரம்பித்தார்கள். அட்டையில் கால்சியம், வைட்டமின் டி3, அதன் கீழே 'வைட்டமின் கே2-7' என்று இருக்கிறது. மலச்சிக்கல் வருகிறது என்று 1.7 டெஸ்ட் முடிந்த கையோடு அம்மாவே அதை நிறுத்திவிட்டார்கள். பிறகு 5.2-க்கு முந்தைய வாரம் வயிற்றுப்போக்கு. பக்கத்து கிளினிக்கில் மெட்ரோனிடசோல் 400 மி.கி. மூன்று வேளை, ஐந்து நாள். அந்த நாட்களில் கஞ்சியும் மோரும்தான். இதையெல்லாம் வால்வு டாக்டரிடம் சொல்லவில்லை. வெறும் கால்சியம்தானே, வயிற்றுக்குத்தானே என்று விட்டுவிட்டோம்.

மாத்திரைக்கணக்கு:

ஆக, 5.2-க்கு நான்கு காரணம் ஒரே பக்கம் தள்ளியிருக்கின்றன.

ஈரல் ரத்த உறைவுக் காரணிகள் சிலவற்றைத் தயாரிக்க வைட்டமின் கே வேண்டும். அசிட்ரோம், வார்ஃபரின் இரண்டும் அந்த வைட்டமினைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தவிடாமல் தடுக்கின்றன. மாத்திரை ஒருபக்கம் தடுக்க, மறுபக்கம் கே2-7 தினமும் உள்ளே போனது. அது மைக்ரோகிராம் கணக்கில்தான் இருக்கும், ஆனால் ரத்தத்தில் பல நாள் தங்கும். அதனால்தான் 1.7. பிறகு கே2-7 நின்றது, டோஸ் 25 சதவீதம் கூடியது, மெட்ரோனிடசோல் வந்து மாத்திரையை ஈரல் கழிக்கவிடாமல் பிடித்துக்கொண்டது, சாப்பாடும் குறைந்தது. 5.2 வராமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம். இதை அப்படியே தேதி போட்டு எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். பழைய 2 மி.கி.க்கே திரும்பலாமா என்று அவர்தான் முடிவு சொல்ல வேண்டும், ஆனால் இந்தத் தகவல் இல்லாமல் அவரால் சரியாகச் சொல்ல முடியாது. கால்சியம் வேண்டுமென்றால் கே2 இல்லாத மாத்திரை தாராளமாகக் கிடைக்கிறது.

அடிக்கடி இடிக்கும் மருந்துகளைச் சொல்லிவிடுகிறேன். ஐ.என்.ஆரை ஏற்றுபவை: மெட்ரோனிடசோல், கோட்ரைமாக்சசோல், சிப்ரோஃப்ளாக்சசின், கிளாரித்ரோமைசின், பூஞ்சைக்குத் தரும் ஃப்ளூகோனசோல், வாய்ப்புண்ணுக்குத் தடவும் மைக்கோனசோல் ஜெல். 'தடவுவதுதானே' என்று கடைசியாகச் சொன்னதை அலட்சியப்படுத்துவார்கள், அதுவே நிறைய ஏற்றிவிடும். இதயத்துடிப்புக்குத் தரும் அமியோடரோன் மெதுவாக, வாரக்கணக்கில் ஏற்றும், நிறுத்திய பிறகும் நீடிக்கும். இறக்குபவற்றில் முதலிடம் காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினுக்கு. அதை ஆரம்பித்தால் டோஸ் இரண்டு மூன்று மடங்குகூட ஆகும். காசநோய் மருந்து முடிந்ததும் யாரும் சொல்லாமல் அந்தப் பெரிய டோஸையே தொடர்வதுதான் உண்மையான ஆபத்து. வலிப்புக்குத் தரும் கார்பமசெபைனும் இறக்கும்.

டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென், ஏசிக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் வேறு ரகம். ஐ.என்.ஆர். எண் மாறாமலேயே இரைப்பையில் புண்ணாக்கி ரத்தம் கசியவைக்கும். எண் சரியாக இருக்கிறதே என்று ஏமாந்துவிடக் கூடாது. வலிக்குப் பாராசிட்டமால்தான். அதையும் ஒரு நாளைக்கு 500 மி.கி. நான்கு வீதம் மூன்று நாலு நாளுக்கு மேல் தொடர்ந்தால் ஐ.என்.ஆர். பார்த்துக்கொள்ள வேண்டும்.

புதிதாக எது ஆரம்பித்தாலும், எது நிறுத்தினாலும், மூன்று முதல் ஐந்து நாளுக்குள் ஒரு டெஸ்ட். இவ்வளவுதான் விதி.

இயற்கைவழி:

தினம் பூண்டுப்பால், வெறும் வயிற்றில் இஞ்சிச்சாறு. ரத்தம் தானாக இளகும். வார்ஃபரின் என்பது எலி மருந்து என்று இணையத்தில் போட்டால் வரும். அதை ஏன் ஒரு மனுஷிக்குத் தருகிறீர்கள்?

மாத்திரைக்கணக்கு:

1948-இல் எலி மருந்தாக வந்தது உண்மைதான். 1954-இல் மனிதருக்கு அனுமதி கிடைத்ததும் உண்மைதான். அளவுதான் வித்தியாசம். சமையலில் போடும் பூண்டும் இஞ்சியும் மஞ்சளும் எப்போதும்போல இருக்கலாம். ஆனால் மெட்டல் வால்வில் ரத்தம் உறையாமல் காக்கும் வேலையை அவை செய்யாது. இந்த மாத்திரையை நிறுத்தி, வால்வு அடைத்துக்கொண்டால் மூச்சுத்திணறல், பக்கவாதம், மரணம். பூண்டு கேப்ஸ்யூல், மஞ்சள் கேப்ஸ்யூல், பப்பாளி இலைச்சாறு, கஷாயப் பொடிகள் இவற்றை மாத்திரையோடு சேர்த்தும் ஆரம்பிக்காதீர்கள். உள்ளே எவ்வளவு என்ன இருக்கிறது என்றே தெரியாததற்கு டோஸ் சரிபண்ண முடியாது.

வார்டு அக்கா:

கீரை பற்றி. தங்கச்சி, நிறுத்தச் சொல்லாதீங்க. கீரையே சாப்பிடாதவங்க உடம்பில் வைட்டமின் கே கையிருப்பு குறைவு. அவங்க ஒரு கல்யாண வீட்டில் ஒரு கரண்டி கூடுதலா சாப்பிட்டாலும் எண் ஆடும். வாரம் இரண்டு தடவை ஒரு கிண்ணம் என்றால் எல்லா வாரமும் அதே இரண்டு தடவை, அதே கிண்ணம். முருங்கைக்கீரை, அரைக்கீரை, பசலை, முட்டைகோஸ், கொத்தமல்லித் துவையல் எல்லாம் இந்தக் கணக்கில் வரும். ரசத்தில் கிள்ளிப்போடும் கொத்தமல்லியைப் பற்றிக் கவலை வேண்டாம். ரத்தம் ஊறணும் என்று திடீரென்று தினம் முருங்கைக்கீரை சூப் ஆரம்பிப்பதும், கார்த்திகை விரதம், நோன்பு என்று சாப்பாட்டையே மாற்றுவதும்தான் தொல்லை. விரதம் இருக்கணும் என்றால் ஆரம்பித்த முதல் வாரத்தில் ஒரு டெஸ்ட், முடிந்து பழைய சாப்பாட்டுக்கு வந்த வாரத்தில் ஒரு டெஸ்ட்.

மறந்துபோனால்: அன்றைக்கு ராத்திரி தூங்கும் முன்னால் ஞாபகம் வந்தால் போடலாம். மறுநாள் காலையில் ஞாபகம் வந்தால் போனது போனதுதான். வழக்கமான நேரத்தில் வழக்கமான அளவு மட்டும். இரண்டு வேளை சேர்த்துப் போடவே கூடாது. விட்டதை நோட்டில் எழுதுங்க. தொடர்ந்து இரண்டு வேளை விட்டிருந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணுங்க, மைட்ரல் மெட்டல் வால்வுக்கு அது சின்ன விஷயமில்லை. ஐ.என்.ஆர். 2-க்குக் கீழே வந்தாலும் அப்படித்தான். தற்காலிகமாக ஹெப்பாரின் ஊசி தேவையா என்று அவங்க பார்ப்பாங்க.

பல்: ஒரு பல் பிடுங்க மாத்திரையை நிறுத்த வேண்டியதில்லை. முந்தின நாள் ஐ.என்.ஆர். பார்க்கணும், 4-க்குக் கீழே இருந்தால் பிடுங்கலாம். காலையில் போகணும், வாரக் கடைசியில் போகக் கூடாது. ராத்திரி கசிந்தால் காட்ட ஆள் இருக்கணும். பல் டாக்டர் குழியில் பஞ்சு வைத்து தையல் போடுவார், கசிவை நிறுத்தும் டிரானெக்ஸாமிக் அமிலத்தில் நனைத்த துணியைக் கடிக்கச் சொல்வார். வால்வு வைத்தவங்களுக்கு பல் பிடுங்குவதற்கு அரை மணியிலிருந்து ஒரு மணி முன்னால் அமாக்ஸிசிலின் 2 கிராம் ஒரே வேளையாகத் தருவாங்க, வால்வில் கிருமி உட்காராமல் இருக்க. அம்மா ஏற்கெனவே பெனிசிலின் எடுத்துக்கொண்டிருந்தால் அதைச் சொல்லிடுங்க, அதற்கு வேறு வகை ஆன்டிபயாடிக் வேணும். முக்கியமாக ஒன்று. பல் பிடுங்கிய பிறகு வழக்கமாக எழுதித் தருவதில் டைக்ளோஃபெனாக்கும் மெட்ரோனிடசோலும் இருக்கும். மேலே மருந்துக்காரர் எழுதிய இரண்டு பட்டியலிலும் இருப்பவை. சீட்டு எழுதும் முன்னாலேயே 'அசிட்ரோம் சாப்பிடுறாங்க' என்று சொல்லணும்.

இடுப்பு ஊசி: காய்ச்சல், உடம்புவலி என்று போனவுடன் போடும் ஊசியை வேண்டாம் என்று சொல்லப் பழகணும். சதைக்குள்ளே ரத்தம் கட்டி கால் தூக்க முடியாமல் போய்விடும். தடுப்பூசி வேறு, ஐ.என்.ஆர். வரம்புக்குள் இருந்தால் மெல்லிய ஊசியில் போட்டு, தேய்க்காமல், இரண்டு நிமிஷத்துக்குக் குறையாமல் அழுத்திப் பிடிக்கலாம். ருமாட்டிக்காரங்களுக்கு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை போடும் பெனிசிலின் ஊசியை மட்டும் நீங்களாக நிறுத்திடாதீங்க. சிலருக்கு மாத்திரையாக மாற்றுவாங்க, சிலருக்கு எண் சரியாக இருக்கும்போது ஊசியாகவே தொடருவாங்க. டாக்டர் முடிவு.

உடனே கிளம்ப வேண்டியவை: தார் மாதிரி கறுப்பு மலம் (இரும்புச்சத்து மாத்திரையும் கறுப்பாக்கும், ஆனால் பிசுபிசுப்பும் கெட்ட நாற்றமும் இருக்காது), சிவப்பாகவோ காப்பி நிறத்திலோ சிறுநீர், வாந்தியில் ரத்தம், இதுவரை இல்லாத கடும் தலைவலி. தலையில் அடிபட்டால் ஆள் தெளிவாக இருந்தாலும் போகணும், ஸ்கேன் எடுக்கணும், உள்ளே மெதுவாகக் கசிந்து மறுநாள் தெரியவரும். மூக்கில் ரத்தம் வந்தால் முன்னால் குனிந்து மூக்கின் மென்மையான பகுதியைப் பிடித்து பத்துப் பதினைந்து நிமிஷம் விடாமல் அழுத்துங்க, நிற்கவில்லையென்றால் கிளம்புங்க. மறுபக்கமும் ஞாபகம் இருக்கட்டும்: வாய் கோணுவது, ஒரு கை விழுவது, பேச்சுக் குழறுவது, எப்போதும் கேட்கும் வால்வின் 'டிக்' சத்தம் மங்குவது, புதிதாக மூச்சு வாங்குவது. இவை ரத்தம் உறைந்த அறிகுறி. 108-ஐக் கூப்பிட்டு, வால்வு கார்டையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு போங்க.

இதைப் படிக்கும் சின்னப் பொண்ணுங்களுக்கு ஒன்று சொல்லணும். இந்த மாத்திரை கருவின் 6-லிருந்து 12-ஆம் வாரத்தில் குழந்தையைப் பாதிக்கும். பயந்து நீங்களே நிறுத்தினால் வால்வு அடைக்கும். குழந்தை வேணும் என்று நினைக்கும்போதே டாக்டரைப் பாருங்க, நாள் தள்ளினால் அந்த வாரமே போங்க.

இதயத்துறை மாணவன்:

புது மாத்திரை பற்றிய கேள்வி விட்டுப்போயிருக்கிறது. டாபிகாட்ரான், ரிவராக்ஸபன், அபிக்ஸபன் ஆகியவை காலில் ரத்தம் உறைந்தவர்களுக்கும் வால்வுக் கோளாறு இல்லாத ஒழுங்கற்ற இதயத்துடிப்புக்கும் (ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்) நல்ல மருந்துகள். அவற்றுக்கு ஐ.என்.ஆர். டெஸ்ட் தேவையில்லை. மெட்டல் வால்வுக்கு ஆகாது. டாபிகாட்ரானை மெட்டல் வால்வு நோயாளிகளிடம் சோதித்த ஆய்வில் ரத்தம் உறைவதும் கசிவதும் இரண்டுமே கூடியதால் அதைப் பாதியிலேயே நிறுத்தினார்கள், முடிவு 2013-இல் வந்தது. ருமாட்டிக் நோயோடு இந்த ஒழுங்கற்ற துடிப்பும் இருந்தவர்களிடம் ரிவராக்ஸபனைப் பார்த்த ஆய்வின் முடிவு 2022-இல் வந்தது. அதிலும் பழைய மாத்திரைதான் நன்றாகக் காத்தது. யாராவது நல்லெண்ணத்தில் மாற்றித் தந்தாலும், வால்வு வைத்த இடத்தில் கேட்காமல் மாறாதீர்கள்.

வால்வு கார்டில் வால்வின் பெயரும் இருக்கும். நம் பக்கம் பலருக்குத் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா நிறுவனம் உருவாக்கிய வால்வு இருக்கும், 1990-லிருந்து பொருத்தப்படுகிறது. எந்த வால்வு, எந்த இடம் என்பதைப் பொறுத்து ஐ.என்.ஆர். இலக்கு மாறும். அயோர்ட்டிக் வால்வு வைத்த பக்கத்து வீட்டுக்காரருக்கு 2 முதல் 3 என்று எழுதியிருந்தால் அது அவருக்கு, அம்மாவுக்கு அல்ல.

வைகைக்கரையாள்:

மூன்றாம் நாள் டெஸ்ட் 2.6. தேதி வாரியாக எழுதிக் காட்டியதும் டாக்டர் பழையபடி தினம் 2 மி.கி. போதும் என்றார். ஐந்து நாளில் மறுபடி டெஸ்ட். இன்னொரு கேள்வி. இங்கே டெங்கு அதிகமாக இருக்கிறது. அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தால்?

வார்டு அக்கா:

வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டாம். முதல் நாளே வால்வு பார்க்கும் ஆஸ்பத்திரிக்குப் போய் தட்டணு எண்ணிக்கையும் ஐ.என்.ஆரும் சேர்த்துப் பார்க்கணும். டெங்குவில் தட்டணு குறையும், சாப்பாடும் குறைந்து ஐ.என்.ஆர். ஏறும், இரண்டும் சேர்ந்தால் கசிவு. மாத்திரையைத் தொடர்வதா நிறுத்துவதா என்பது அந்த இரண்டு எண்ணையும் வைத்துத் தினமும் அவங்க எடுக்கிற முடிவு. போய்ச் சேரும் வரை பாராசிட்டமால் மட்டும், ஊசி வேண்டாம். இன்னொன்று, மெட்டல் வால்வு உள்ளவங்களுக்குக் காய்ச்சல் என்றால் வால்வில் கிருமி பிடித்திருக்கிறதா என்றும் பார்க்கணும். ஆன்டிபயாடிக் ஆரம்பிக்கும் முன்னால் ரத்தத்தைக் கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் டெஸ்ட்) எடுக்கச் சொல்லுங்க.